முதுமையும் தாகமும்

பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் ஓர் ஒழுங்கு உண்டு. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களிலுள்ள நம் அங்கத்தினர் பலர் இதனை நன்கறிவர். புழுவுக்குப் பசி எடுத்ததா என்று எவரும் ஆராய்வதில்லை. வேளை வந்ததும் மல்பெரி இலை போட்டாக வேண்டும். நள்ளிரவானாலும் மழையானாலும் அவ்வேளை தவறுவதில்லை. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியார் காலை முதல் எத்தனை டம்ளர் தண்ணீர் அருந்தினார் என்று கேட்டால், விடை கூறுவார் இல்லை. "தாகம் எடுத்தால் அவர்களே கேட்பார்கள்" என்பதே நமக்குக் கிடைக்கும் மறுமொழி. பாட்டியாரையே கேட்டால், "எனக்குத் தாகமே இல்லை, சாமி" என்பார். இரண்டு கூற்றும் உண்மையே. அவ்வுண்மையில்தான் ஆபத்தும் இருக்கிறது.

தாகம் என்பது உடம்பு அடிக்கும் மணி. இரத்தத்தில் நீர் சற்றுக் குறைந்து உப்பின் செறிவு ஏறியவுடன் மூளையின் ஒரு பகுதி அதனை உணர்ந்து, 'தண்ணீர் கொண்டு வா' என்று ஏவுகிறது. வாலிபத்தில் இம்மணி கணீரென்று ஒலிக்கும். அறுபது, அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் அதன் ஒலி மங்கிவிடுகிறது. இதனை அளந்து பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து மருத்துவர்கள் 1984ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். 67 முதல் 75 வயதுக்குட்பட்ட, நோயில்லாத ஆடவர் எழுவரையும், 20 முதல் 31 வயதுக்குட்பட்ட இளைஞர் எழுவரையும் 24 மணி நேரம் தண்ணீரின்றி இருக்கச் செய்து, பின்னர் வேண்டிய மட்டும் குடிக்க விட்டனர். இளைஞர்கள் தாகத்தால் தவித்து, குடித்து, விரைவில் பழைய நிலைக்கு மீண்டனர். முதியவர்களின் உடம்பு இளைஞர்களுடையதைவிட அதிகமாகவே வற்றியிருந்தும், அவர்கள் பெரிதாகத் தாகம் எடுத்ததாகக் கூறவில்லை. தண்ணீர் முன்னால் இருந்தும் குறைவாகவே குடித்தனர். அவர்கள் நோயாளிகள் அல்லர், திடமாக நடமாடியவர்கள் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

மணி மங்குவது போதாதென்று கையிருப்பும் குறைகிறது. வாலிப ஆடவர் ஒருவரின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு தண்ணீர். முதுமையில் அது ஐம்பதை ஒட்டி இறங்கிவிடும். தசைதான் உடம்பின் நீர்த்தொட்டி. தசை கரையக் கரையத் தொட்டியும் சிறுக்கிறது. சிறுநீரகமோ, தண்ணீர் தட்டுப்பாடான காலத்தில் சிறுநீரைச் சுண்டச் செய்து மிச்சம் பிடிக்கும் திறனை வயதோடு இழக்கிறது. வரவு குறைவு, கையிருப்பு குறைவு, செலவோ கட்டுக்கு அடங்காதது. இப்படிப்பட்ட பேரேட்டை எந்தச் சங்கத்திலாவது கண்டால் நாம் சும்மா இருப்போமா?

"எங்கள் ஊர் குளிர்ச்சியான ஊர், இங்கே இந்த அச்சம் வேண்டுவதில்லை" என்று ஓசூர்ப் பக்கத்து அங்கத்தினர் கூறக்கூடும். கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் ஓசூர். மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் உயரம் சுமார் 500 மீட்டராகிவிடும்; கரும்பாறைக் குன்றுகள் பகலெல்லாம் காய்ந்து இரவிலும் அனல் வீசும். வெயிலுக்குப் பழகிய கிருஷ்ணகிரியார் பானையைத் தேடிச் செல்வர். ஓசூராரோ வேர்க்கவில்லையே என்று தேடுவதில்லை. குளிர்ந்த காற்றும் உடம்பின் ஈரத்தைக் கவரத்தான் செய்கிறது. மார்கழிப் பனியில் காலை பத்து மணி வரை ஒரு மிடறு தண்ணீரும் தொடாத முதியோர் எத்தனை பேர்! ஆகவே இது சித்திரை வைகாசிக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

குளிர்ந்த நாட்டார் வெப்பத்தை எதிர்பாராதிருந்தால் நேர்வது என்ன என்பதற்குப் பிரான்சு நாட்டில் 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்தது சான்று. இரண்டு வாரக் கடுவெயிலில் சுமார் 15,000 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். ஆகஸ்டு அங்கே விடுமுறை மாதம், மக்களும் மருமக்களும் வெளியூர் சென்றிருந்தனர், முதியோர் தனித்திருந்தனர். மருத்துவமனைக்குக் குறைவில்லாத செல்வ நாடு அது. குறைந்தது, வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி "குடியுங்கள்" என்று சொல்லும் ஆள். மறு ஆண்டே அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வோர் ஊராட்சியும் தனித்து வாழும் முதியோரின் பதிவேடு ஒன்றை வைத்து, வெப்பக் காலத்தில் அவர்களை விசாரித்தறிய வேண்டும் என்பது அது. நம் மாநிலத்திலும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பதிவேடு எழுதும் வேலை நம் சங்கங்களுக்குப் புதிதன்று. அங்கத்தினர் பதிவேட்டிலேயே வயது எழுதியிருக்கிறது. அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்தெழுத ஒரு மாலைப்பொழுது போதும்.

ஏனெனில் பிரான்சில் விடுமுறை செய்ததை இங்கே ஷிப்டு முறை செய்கிறது. சிப்காட் வளாகம் ஏற்பட்ட நாள்தொட்டு ஓசூர்ச் சுற்றுவட்டாரத்து வீடுகளின் நடைமுறை மாறிவிட்டது. மகன் காலை ஷிப்டு. மருமகள் வேறொரு தொழிற்சாலை. பேரப்பிள்ளைகள் பள்ளி வண்டியில் சென்றுவிடுவர். பிற்பகல் வரை வீட்டில் முதியவர் ஒருவரே. சமையலறை மூலையில் 20 லிட்டர் கேன் இருக்கும். அதனைச் சாய்த்து ஊற்ற வாலிபருக்கே இரண்டு கை வேண்டும்; எழுபது வயது மூதாட்டி என் செய்வார்? வீட்டில் தண்ணீர் இருக்கிறது, அவருக்கு எட்டவில்லை. வேலைக்குப் புறப்படுமுன் இரண்டு சிறு செம்புகளில் நிரப்பி, அவர் அமரும் இடத்தருகே மூடி வைத்துச் செல்வது ஒரு நிமிட வேலை. மாலையில் செம்பைத் தூக்கிப் பார்த்தாலே அன்றைய கணக்குத் தெரிந்துவிடும். இதைவிட எளிய தணிக்கை முறை நமக்குத் தெரியாது.

இனி, பலர் வாய்விட்டுக் கூறாத ஒரு காரணத்துக்கு வருவோம். இக்கட்டுரையை நாம் எழுத முனைந்ததே பெரிதும் இதனைச் சொல்லுதற்பொருட்டுத்தான். முதியோரில் ஒரு பகுதியினர் தண்ணீரை மறந்து விடுவதில்லை, வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். குழித்தறியில் அமர்ந்த முதிய நெசவாளரைக் கேட்டுப் பாருங்கள். காலைக் குழியில் விட்டு அமர்ந்தபின் எழுவதென்றால் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பாவைப் பார்த்து, நாடாவை ஒதுக்கி, கயிற்றைப் பிடித்து எழ வேண்டும். ஒரு முறை எழுந்தால் வேலையின் ஓட்டம் அறுபடும். ஆகவே தண்ணீரைக் குறைத்துக் கொள்கிறார். வயல்வெளியில் களையெடுக்கும் பெண்களும், ராயக்கோட்டைப் பக்கத்தில் தக்காளி பறிப்போரும், ரோஜாத் தோட்டத்தில் பூக்கொய்வோரும் மறைவிடம் இன்மையால் விடியலிலிருந்து வாயைக் கட்டுகின்றனர். இளம்வயதில் பழகிய இப்பழக்கம் முதுமையில் விடுவதில்லை. இரவு நேரமோ இன்னும் கொடிது. கழிப்பறை வீட்டுக்குப் பின்புறம், வழியில் விளக்கில்லை, வாசற்படி உயரம், தரை வழுக்கல். ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைத் தெருவிலே பார்த்தவர்கள், மாலை நான்கு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூறுவதெப்படி? அவர்கள் கணக்குப் போட்டுத்தான் குடிக்காதிருக்கிறார்கள்.

ஆகவே, "தண்ணீர் குடியுங்கள்" என்று பாட்டியாரிடம் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கட்டிலருகே இரவுக்கென ஒரு மூடியிட்ட பாத்திரம் ஆகிய இம்மூன்றும் ஏற்பட்டால் தண்ணீர் தானே உள்ளே போகும். அருந்துவதில் பெரும்பங்கை விடியல் முதல் மாலை ஐந்து மணிக்குள் முடித்துக்கொண்டு, இரவில் மாத்திரைக்கு வேண்டியதோடு நிறுத்திக்கொள்வதும் தக்க ஏற்பாடே. அடிக்கடி சிறுநீர் பிரியும் முதிய ஆடவர்களும், சிறுநீர் அடங்காது கசியும் துன்பத்தை மருமகளிடமும் சொல்லக் கூசும் முதிய பெண்டிரும் தண்ணீரைக் குறைப்பதை மருந்தாகக் கொள்ளலாகாது. சிறுநீர் செறிவு மிகுந்தால் எரிச்சலும், கிருமித் தொற்றும், மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டு அதே துன்பத்தைப் பெருக்கும். அவை மருத்துவரிடம் சொல்லத்தக்க நோய்கள். பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

நம் சங்கக் கட்டடங்களைப் பற்றியும் ஒரு சொல். பொதுக்குழுக் கூட்டத்தில் பங்கு ஈவுத்தொகை பற்றி மூன்று மணி நேரம் விவாதிக்கிறோம். வந்திருப்போரில் பாதிப்பேர் தலைநரைத்தவர்கள். கூலி பெறவும், நூல் வாங்கவும், கடன் மனு எழுதவும் அவர்கள் காலை முதல் காத்திருக்கிறார்கள். கட்டடத்தில் கழிப்பறை இருக்கும், பூட்டியிருக்கும், சாவி காரியதரிசியிடம் இருக்கும், காரியதரிசி வங்கிக்குச் சென்றிருப்பார். இந்நிலை பல இடங்களில் உண்டு; பெயர் சொல்லத் தேவையில்லை. மேசைமேல் மண்பானை வைத்துவிட்டோம் என்று பெருமை கொள்ளும் நிர்வாகிகள், அச்சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டுகிறோம்.

எந்தத் தண்ணீர் என்ற வினா நம் மாவட்டத்தில் தவிர்க்க இயலாதது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஆழ்கிணற்று நீரில் பல ஊர்களில் புளோரைடு மிகுந்திருக்கிறது. பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு இது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருத்தல் நலம், 1.5க்கு மேற்போனால், வேறு நீர் கிடைக்கும்வரை குடித்துத் தள்ளுவோம் என்று இருத்தல் கூடாது. பிள்ளைகளுக்குப் பல் காவியேறும். ஆண்டுகள் பல செல்ல மூட்டும் முதுகெலும்பும் இறுகும். 1937ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினர். காய்ச்சினால் புளோரைடு போய்விடும் என்பது தவறான எண்ணம். நீர் ஆவியாக, எஞ்சியதில் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. 'நிறையக் குடியுங்கள்' என்று நாம் சொல்லும்போது, கிணற்றைப் பாராமல் சொன்னால் நன்மையோடு தீமையையும் ஊற்றியவர்களாவோம்.

இதன்பொருட்டுத்தான் காவிரி நீரை மேலேற்றிக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு வகுக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டில் இரு மாவட்டங்களுக்கும் திறந்துவைக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய ஆண்டில் இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த பூசலை எல்லைப்புறத்து அங்கத்தினர் மறந்திரார். (தண்ணீரைத் தெலுங்கர் நீள்ளு என்கின்றனர், கன்னடர் நீரு என்கின்றனர், ஓசூர்ச் சந்தையில் மூன்று மொழியிலும் கேட்டுக் குடிக்கலாம். வாய்க்குள் போனபின் அதற்கு மொழியில்லை.) குழாயில் காவிரி நீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதனையே கொண்டு, ஆழ்கிணற்று நீரைத் துணி துவைக்கவும் மாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஐயமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்துப் பார்க்கலாம். இதனைத் தனியொருவர் செய்வதைவிடச் சங்கத்தின் பேரால் செய்வது எளிது.

எவ்வளவு குடிப்பது? ஐரோப்பிய நாட்டு ஊட்டச்சத்து மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி முதிய பெண்டிர்க்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டரும், முதிய ஆடவர்க்கு 2 லிட்டரும் பானமாக உட்செல்ல வேண்டுமென்கிறது. நம் வீட்டு 200 மில்லி டம்ளரால் எட்டும் பத்தும். அது குளிர் நாட்டுக் கணக்கு. வெயிலில் வேலை செய்வோர்க்குக் கூடுதல் வேண்டும். இதனை ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்க முயல்வது தவறு. அது வயிற்றை உப்பச்செய்யும், சிறுநீராகவே ஓடிவிடும், அளவு மிஞ்சினால் இரத்தத்தின் உப்பு குறைந்து வேறு தீங்கும் விளையும். எழுந்தவுடன் ஒன்று, பலகாரத்தோடு ஒன்று, தறியிலோ தோட்டத்திலோ இடைவேளைக்கு ஒன்று என்று வேளையோடு வேளையாய்ச் சேர்த்துவிட்டால் கணக்கு தானே நிரம்பும்.

தண்ணீரே என்றும் கட்டாயமில்லை. முதியோர் பலருக்கு வெறுந்தண்ணீர் கசக்கிறது. நம் பக்கத்து ராகி அம்பலி, கம்பங்கூழ், நீர்மோர், ரசம், இளநீர், வெள்ளரி, தர்பூசணி யாவும் நீர்க்கணக்கில் சேர்ந்தவையே. பண்டு காலையில் அம்பலியும் மோருமாய்க் குடித்துவிட்டுத் தறிக்கும் ஏருக்கும் போனவர்கள் அறியாமலே அரை நாள் தண்ணீரைச் சேமித்துக்கொண்டனர். இன்று அவ்விடத்தில் இரண்டு ரொட்டித்துண்டும் அரை டம்ளர் டீயும் வந்திருக்கின்றன. டீயும் காபியும் உடம்பை வற்றச் செய்வன என்று சிலர் அஞ்சுவர். அளவாக அருந்தினால் அவையும் நீர்க்கணக்கில் வரவுதான். ஆனால் அரை டம்ளர் எப்போதும் அரை டம்ளரே. சாராயத்தை எவரும் இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். இரத்த அழுத்தம் உடையோர் மோரில் உப்பையும், சர்க்கரை நோயுடையோர் பானகத்தையும் குறைத்துக்கொள்க.

இரத்த அழுத்தம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தை மாநில முதலமைச்சர் தொடங்கி வைத்த இடம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளிதான். அது முதல் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் முதியோர் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அம்மாத்திரைகளில் சில வகை சிறுநீரைப் பெருக்கித் தம் வேலையைச் செய்வன. அவற்றை உண்போர்க்கு நீர்ச்செலவு கூடும். நீரிழிவு கட்டுக்கு மீறினாலும் அவ்வாறே. 'சிறுநீர் அடிக்கடி வருகிறது' என்று மாத்திரையையோ தண்ணீரையோ தாமாகவே நிறுத்துவது தகாது; வீடு தேடிவரும் பணியாளரிடம் எந்த மாத்திரை அவ்வகையினது என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். மாறாக, இதயம் வலுவிழந்தோரும் சிறுநீரகம் பழுதுற்றோரும் நாளுக்கு இவ்வளவே குடிக்கலாம் என்று மருத்துவர் அளவிட்டிருப்பார். அவர்கள் வரையில் மேலே நாம் கூறிய எட்டும் பத்தும் செல்லாது. மருத்துவர் சொன்னதே கணக்கு.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் முதியவரை அரை நாளில் வீழ்த்திவிடும். அப்போது வெறுந்தண்ணீர் போதாது, உப்பும் குளுக்கோசும் அளவறிந்து கலந்த நீர் வேண்டும். 1971ஆம் ஆண்டு வங்காளத்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தபோது, போங்கான் முகாமில் காலராவால் மக்கள் மடிந்தனர். ஊசி வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்னும் வங்காளி மருத்துவர் உப்பையும் குளுக்கோசையும் பொட்டலமாகக் கட்டச்செய்து, நீரில் கலக்கி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தப் பொட்டலமே இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. பொட்டலத்தின்மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் டம்ளரில் கொட்டுவது கேடு. கடைகளில் அதே பெயரோடு விற்ற இனிப்புப் பானங்களைக் கண்டு பலர் ஏமாந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒவ்வாத பானங்களின்மேல் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் போடலாகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணையிட்டிருக்கிறது.

உடம்பு வற்றியதை வீட்டார் அறிவது எப்படி என்ற கேள்வி எஞ்சுகிறது. கைத்தோலைக் கிள்ளிப் பார்ப்பது இளம்பிள்ளைகளுக்கு உதவும். முதியோர்க்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் அது ஏமாற்றும். சிறுநீர் குறைந்து கருமஞ்சளாதல், நாவும் வாயும் உலர்தல், படுக்கையிலிருந்து எழுந்து நின்றவுடன் தலை சுற்றல் ஆகியன முன்னறிவிப்புகள். நேற்று வரை தெளிவாய்ப் பேசியவர் இன்று பேரனின் பெயரை மாற்றி அழைப்பதும், பகலெல்லாம் அயர்ந்து கிடப்பதும் கண்டால், "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வயது ஓர் இரவில் ஆவதன்று. தெளிவு இருந்து விழுங்க முடிந்தால் நிமிர்த்தி அமரவைத்துச் சிறிது சிறிதாக அருந்தச் செய்து, அன்றே மருத்துவரிடம் காட்டுக. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எக்காரணத்தாலும் தண்ணீரைப் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 108ஐ அழைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவர் உண்டுவரும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையிலிட்டுக் கையோடு கொண்டு செல்க.